‘நாங்கள்’ ‘நாம்’ ஆகும் பருவம்



தமிழ் மொழியியலில் வாழ்நாளைச் செலவிட்டவர் ஸ்பெயின் நாட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 2009ஆம் ஆண்டில் நாம் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் வருகைதரு ஆய்வாளராக இருந்தோம். அக்கல்லூரியின் மாணவர் குழு ஒன்று ஸ்பெயினின் சலமன்கா நகரில் ஒரு பருவம் தங்கிப் படிக்கச் சென்றபோது, அவர்கள் எவ்வாறு மொழி கற்கின்றனர் என்று கண்டறிய நாமும் உடன் சென்றோம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அங்கிருந்தோம். பிறர் கற்பதை ஆராயச் சென்ற நாம், ஐம்பதை நெருங்கிய வயதில், தொடக்கநிலை வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்து ஸ்பானிய மொழி கற்கவும் நேர்ந்தது. அப்பருவம் எம் தொழிலைப் பற்றி எமக்கே சில கசப்பான உண்மைகளை உணர்த்தியது. அவற்றை உங்கள்முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

1. அயல்நாட்டுப் பருவம் என்னும் ஏற்பாடு

கல்லூரி மாணவர் ஒருவர் தம் பட்டப்படிப்பின் ஒரு பகுதியை வேறொரு நாட்டில் பயின்று, அங்குப் பெறும் தேர்ச்சியைத் தம் கல்லூரிக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இவ்வேற்பாடு. அமெரிக்காவில் இதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1923ஆம் ஆண்டு தெலவேர் பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்மர் கப்பலேறி பிரான்சுக்குச் சென்றதை அதன் தொடக்கமாகக் கூறுவர். ஐரோப்பாவில் 1987ஆம் ஆண்டு ‘எராஸ்மஸ்’ திட்டம் தொடங்கியது. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் அதில் பங்கேற்றனர். அயல்நாட்டு மாணவரைப் பெரும் எண்ணிக்கையில் ஏற்கும் நாடுகளுள் ஸ்பெயின் நெடுங்காலமாக முன்னணியில் உள்ளது.

இவ்வேற்பாட்டின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மொழி பேசப்படும் இடத்திற்குச் சென்றுவிட்டால் மொழி தானே வந்துவிடும் என்பதே அது. நீரில் தள்ளிவிட்டால் நீந்தக் கற்றுக்கொள்வான் என்று ஊரில் சொல்வதைப் போன்றது. இந்நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை என்பதே நம் கேள்வி.

2. சலமன்கா

தலைநகர் மத்ரித்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மேற்கே, தோர்மெஸ் ஆற்றின் கரையில், கடல் மட்டத்திற்கு 800 மீட்டர் உயரத்தில் சலமன்கா அமைந்துள்ளது. அதன் பல்கலைக்கழகம் 1218ஆம் ஆண்டு தொடங்கியது. பொன்னிற மணற்கல்லால் கட்டப்பட்ட அந்நகரில், மாலை வெயில் படும்போது சுவர்கள் மஞ்சள் அரைத்துப் பூசியவைபோல் தோன்றும். பல்கலைக்கழகத்தின் முகப்புச் சிற்பங்களுக்கிடையே மண்டையோட்டின்மேல் அமர்ந்த ஒரு சிறு தவளை உண்டு. அதைத் துணையின்றிக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்வில் வெல்வார் என்பது ஊர் வழக்கு. எமக்கு அது மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. அதுவும் பிறர் காட்டிய பின்னரே!

மொழியியலாருக்கு இந்நகர் ஒரு திருத்தலம். அந்தோனியோ தெ நெப்ரிஹா என்னும் அறிஞர் இயற்றிய காஸ்திலிய மொழி இலக்கணம் 1492ஆம் ஆண்டு இந்நகரில்தான் அச்சாயிற்று. ஸ்பானிய மொழியைக் காஸ்திலியம் என்றும் அழைப்பர். அந்நூல் ஐந்து பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் ஐந்தாம் பகுதி பிறமொழி பேசுவோர் காஸ்திலியம் கற்பதற்கென்றே எழுதப்பட்டது. அயலார்க்கு மொழி கற்பித்தல் என்னும் சிந்தனை ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு நூலில் இடம்பெற்றுவிட்டது.

‘தூய ஸ்பானியம் பேசும் ஊர்’ என்னும் பெயரும் சலமன்காவுக்கு உண்டு. எந்த வட்டார வழக்கையும் மற்றதைவிடத் தூயது என்று மொழியியல் கூறுவதில்லை. எனினும் அப்பெயர் ஆண்டுதோறும் மாணவரைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

3. தமிழ்ச் செவிக்கு எட்டிய ஸ்பானியம்

தொடக்கநிலை வகுப்பில் ஆங்கிலம் பேசும் மாணவர்கள் இடறிய சில இடங்களில் எமக்குத் தமிழ் கைகொடுத்தது. ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்பதை ஸ்பானியத்தில் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பர். இதில் காப்பியே எழுவாய்; விரும்புகிறவர் நான்காம் வேற்றுமைப் பொருளில் வருகிறார். ‘நான் விரும்புகிறேன்’ என்று தன்னை எழுவாயாக வைத்தே பேசிப் பழகிய ஆங்கில மாணவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றியது. ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்கு வலிக்கிறது’ என்று நாள்தோறும் பேசும் நமக்கு இதில் புதுமை இல்லை. எழுவாயைச் சொல்லாமல் வினைமுற்றின் விகுதியாலேயே இடத்தையும் எண்ணையும் உணர்த்துவதும் நமக்குப் பழகியதே.

ஒலியிலும் இத்தகைய உறவு உண்டு. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. நாவை நன்கு அதிரவிட்டு ‘பெறோ’ என்றால் ‘நாய்’. தமிழின் ரகர றகர வேறுபாடும் ஒருகாலத்தில் இத்தகையதாக இருந்தது. மலையாளத்தில் அது இன்றும் உயிருடன் உள்ளது. நம்மில் பெரும்பாலோர் ‘கரை’, ‘கறை’ என்பவற்றை எழுத்தில் வேறுபடுத்துகிறோம், பேச்சில் வேறுபடுத்துவதில்லை. வகுப்பில் ‘பெறோ’ என்று சொல்லி ஆசிரியையின் பாராட்டைப் பெற்றபோது, பள்ளியில் றகரத்தை வலியுறுத்திய எம் தமிழாசிரியரை நன்றியுடன் நினைத்துக்கொண்டோம்.

மரியாதைச் சொற்களும் அவ்வாறே. நெருங்கியவரை ‘தூ’ என்றும் மதிக்கத்தக்கவரை ‘உஸ்தெத்’ என்றும் அழைப்பர். ‘உஸ்தெத்’ என்பது ‘தங்கள் பெருந்தகைமை’ என்னும் பொருளுடைய பழந்தொடரின் தேய்ந்த வடிவம். எனவே அது முன்னிலையாரைக் குறித்தாலும் படர்க்கை வினையையே ஏற்கும். நம் ‘தாங்கள்’ என்னும் சொல்லும் ‘தாம்’ என்னும் படர்க்கைச் சொல்லிலிருந்து வந்து முன்னிலையாரைக் குறிக்கிறது. நேரே சுட்டாமல் ஒதுங்கிச் சுட்டுவது மரியாதை என்னும் எண்ணம் இருமொழியாருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

இவ்வளவு ஒற்றுமைகளை அறிந்த எமக்கு ஸ்பானியம் எளிதாக வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. இலக்கணத்தை விளக்கும் ஆற்றலும் அம்மொழியில் வாய் திறக்கும் ஆற்றலும் வேறுவேறு என்பதை இரண்டாம் நாளே அறிந்தோம்.

4. வீடு

மாணவர்களும் நாமும் உள்ளூர்க் குடும்பங்களுடன் தங்கினோம். எமக்கு இடமளித்தவர் எழுபது வயது கடந்த ஓர் அம்மையார், கணவரை இழந்தவர், தையல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகனும் உடனிருந்தார். அவ்வீட்டில் பகலுணவு இரண்டரை மணிக்கு. இரவுணவு ஒன்பதரை மணிக்கு. காலையில் சிறிது ரொட்டியும் காப்பியும் மட்டுமே.

முதல் நாள் பகல் ஒரு மணிக்கே பசி தாங்கவில்லை. ஸ்பானியத்தில் ‘பசிக்கிறது’ என்பதை ‘பசி வைத்திருக்கிறேன்’ என்னும் அமைப்பில் ‘தெங்கோ ஆம்ப்ரே’ என்று சொல்ல வேண்டும். நாம் ‘தெங்கோ ஓம்ப்ரே’ என்றோம். ‘ஓம்ப்ரே’ என்றால் ஆண்மகன். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், ‘என்னிடம் ஓர் ஆண்மகன் இருக்கிறான்’ என்று அடுக்களை வாயிலில் நின்று அறிவித்தோம். மகன் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. “ஆம்ப்ரேயா? அப்படியானால் மேசைக்கு வாருங்கள்” என்று கூறி, அவரைப் பருப்புக் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தை இறக்கினார். அச்சொல்லை அவர் சரியான வடிவில் திருப்பிச் சொன்னார்; உணவையும் தந்தார். அதன்பின் நாம் அச்சொல்லில் தவறியதில்லை.

இதனை மொழி கற்பித்தலில் மறுவார்ப்பு எனலாம். பிழையைச் சுட்டாமல், பேசியவரின் கருத்துக்கு விடையளித்து, அவ்விடையிலேயே சரியான வடிவத்தை வைத்துத் தருவது. அம்மையார் இக்கலையைக் கல்லூரியில் கற்றவரல்லர். மேசையில் இருப்பவர் உண்ண வேண்டும், அதற்கு அவர் கூறுவது புரிய வேண்டும் என்பதே அவர் கவலை.

5. இரு மாணவர்

குழுவில் இருவரை நாம் சிறப்பாகக் கவனித்தோம். ஒருவர் ஸ்பானிய இலக்கணத் தேர்வுகளில் கல்லூரியிலேயே முதன்மையானவர். பெற்றோர் வேண்டுகோளின்படி அவரையும் அவர் நண்பரையும் ஒரே வீட்டில் தங்கவைத்திருந்தனர். இருவரும் தமக்குள் ஆங்கிலத்தில் பேசினர். மாலையில் நகரின் பெரிய சதுக்கத்தில் கடிகாரத்தின் கீழே நண்பர் குழு கூடும், அங்கும் ஆங்கிலமே. இரவில் கணினித் திரைவழியே ஊரிலுள்ள நண்பர்களுடன் உரையாடல். ஸ்பெயினின் நடுவில் ஓர் ஆங்கிலத் தீவில் அவர் வாழ்ந்தார். வகுப்பில் அவருக்கு நல்ல மதிப்பெண்களே கிடைத்தன. ஆயினும் டிசம்பரில் நிகழ்ந்த வாய்மொழித் தேர்வில் அவர் செப்டம்பரில் பேசியதைப் போலவே பேசினார்.

மற்றொருவர் இடைநிலை மதிப்பெண் பெறும் மாணவி. பழக்கடை நடத்தும் முதிய தம்பதியர் வீட்டில் தனியே தங்கினார். முதல் இரு வாரங்கள் அவர் பலமுறை அழுததை நாம் அறிவோம். இரவுணவின்போது அவரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். அவர் விடையைக் கோப்பதற்குள் பேச்சு வேறெங்கோ சென்றிருக்கும். ‘என் ஊரில் என்னை நகைச்சுவையாகப் பேசுபவள் என்பார்கள், இங்கு நான் ஒரு நாற்காலி’ என்று எம்மிடம் சொன்னார். வேறு வழியின்றி மாலையில் கடையில் உதவத் தொடங்கினார். நிறுப்பது, விலை சொல்வது, சில்லறை தருவது என்று தொடங்கிய பேச்சு மெல்ல வளர்ந்தது. நவம்பரில் நாம் அக்கடைக்குச் சென்றபோது, ஆரஞ்சுப் பழத்தின் விலையைக் குறைக்கச் சொன்ன ஒருவரிடம் அவர் விடாமல் வாதிட்டுக்கொண்டிருந்தார். இலக்கணப் பிழைகள் இருந்தன. விலை மட்டும் குறையவில்லை!

6. ஆய்வுகள் கூறுவன

இருவரைக் கொண்டு முடிவு கூறுதல் ஆய்வாகாது. 1967ஆம் ஆண்டு ஜான் கரோல் அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதியாண்டு மொழி மாணவர்களை ஆராய்ந்து, அயல்நாட்டில் தங்கியவரின் திறன் மேம்பட்டிருப்பதைக் காட்டினார். சென்றால் மொழி வரும் என்னும் நம்பிக்கைக்கு அது வலுவூட்டியது. பின்வந்த ஆய்வுகள் அதனைச் செம்மைப்படுத்தின. 2004ஆம் ஆண்டு ஃப்ரீட், செகலோவிட்ஸ், டூயி ஆகியோர் பிரெஞ்சு கற்கும் மூன்று குழுவினரை ஒப்பிட்டனர். ஒரு குழு உள்நாட்டு வகுப்பில் வழக்கம்போல் பயின்றது. மற்றொன்று உள்நாட்டிலேயே முழுநேரமும் பிரெஞ்சு புழங்கும் கோடைப் பயிற்சியில் இருந்தது. மூன்றாவது குழு பிரான்சுக்குச் சென்றது. பேச்சின் சரளத்தில் மிகுதியாக முன்னேறியது பிரான்சுக்குச் சென்ற குழுவன்று. உள்நாட்டுக் கோடைப் பயிற்சிக் குழுவே. பிரான்சுக்குச் சென்றவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசியதாக அவர்களே தெரிவித்திருந்தனர்.

அமெரிக்காவின் மிடில்பரிக் கல்லூரி 1915ஆம் ஆண்டு முதல் கோடைக்கால மொழிப்பள்ளி நடத்தி வருகிறது. அங்குச் சேர்வோர், கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று கையெழுத்திட்டு உறுதி கூறுவர். அயல்நாட்டுக்குச் செல்லாமலே அம்மொழியின் நாட்டை அவர்கள் உருவாக்கிக்கொள்கின்றனர்.

கேட்பது மட்டும் போதாது என்பதும் தெளிவாகியுள்ளது. கனடாவில் பிரெஞ்சு வழியாகவே பாடங்களைப் பயின்ற ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், அவர்கள் மொழியை நன்கு புரிந்துகொண்டும் பேச்சிலும் எழுத்திலும் குறைபாடுடையவராக இருப்பதைக் கண்டார். புரிந்துகொள்வதற்கு அப்பால், தாமே மொழியை ஆக்கிப் பேசவேண்டிய கட்டாயமும் வாய்ப்பும் வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு அவர் எழுதினார். பழக்கடை மாணவிக்கு அவ்விரண்டும் இருந்தன. கடிகாரத்தின் கீழே நின்ற மாணவருக்கு வாய்ப்பு இருந்தது; கட்டாயம் இல்லை.

7. தமிழ் கற்கும் நம் குழந்தைகள்

இங்கிருந்து நம் வகுப்பறைக்கு வருவோம். சலமன்காவில் மாணவர் காலையில் பாடநூலில் கற்ற தொடரை மாலையில் கடையில் அப்படியே சொல்லலாம். தமிழில் அது இயலாது. ‘நான் கடைக்குச் சென்றேன்’ என்று பாடநூலில் கற்பவர், ‘நான் கடைக்குப் போனேன்’ என்று பேசும் வீட்டிற்குத் திரும்புகிறார். 1959ஆம் ஆண்டு சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு என்று விளக்கிய இந்நிலை நமக்குப் புதிதன்று. நெப்ரிஹா ஒரே இலக்கணத்தின் ஐந்தாம் பகுதியை அயலார்க்கு ஒதுக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகம் வந்த வீரமாமுனிவரோ, தம்மைப் போன்று புதிதாக வருவோர்க்காகச் செந்தமிழுக்கு ஒன்றும் கொடுந்தமிழுக்கு ஒன்றுமாக லத்தீனில் இருவேறு இலக்கணங்கள் எழுத வேண்டியிருந்தது. இன்று மதுரையில் தங்கித் தமிழ் கற்கும் அமெரிக்க மாணவர்களும் இவ்விரு வழக்கையும் கற்றாக வேண்டும்.

நம் குழந்தைகள் பலருக்கும் இன்று தமிழ் வகுப்பறையில் மட்டுமே உள்ளது. அவர்களுக்குச் சலமன்கா எங்கே? தமிழ் பேசினால்தான் பருப்பு கிடைக்கும் என்னும் மேசை எங்கே? சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரப் பரிந்துரைத்தது. அது சரியான திசையில் வைத்த அடி. ஆயினும் அறிக்கை கதவைத் திறக்கலாம். உள்ளே வரும் குழந்தையை வரவேற்க வேண்டியவர் ஆசிரியரே.

இவ்விடத்தில் ஓர் ஒப்புதல். சலமன்காவுக்குச் செல்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் பயின்ற ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தோம். நாம் தமிழில் நலம் வினவினோம். அவர் ஆங்கிலத்தில் விடையளித்தார். தமிழில் பேசலாமே என்றோம். ‘உங்களிடம் தமிழில் பேச இன்னும் அச்சமாக இருக்கிறது’ என்று அதையும் ஆங்கிலத்திலேயே சொன்னார். அன்று அதனைச் சிரித்துக் கடந்தோம். பல ஆண்டுகள், வாய் திறந்த மாணவரை நடுவில் நிறுத்தி, லகரத்தையும் ளகரத்தையும் ழகரத்தையும் திருத்தி, ‘மறுபடி சொல்’ என்று கூறுவதையே கற்பித்தல் என்று நம்பியிருந்தோம். அடுக்களை வாயிலில் ‘ஓம்ப்ரே’ என்று சொல்லி நின்ற அன்றுதான், அம்மையாரிடத்தில் எம்மைப் போன்ற ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். அன்று பட்டினி கிடந்திருப்போம். அதன்பின் அவ்வீட்டில் ஆங்கிலமே பேசியிருப்போம். எத்தனை மாணவரின் வாயை எம் திருத்தம் அடைத்ததோ, அக்கணக்கு எம்மிடம் இல்லை. திருத்துதல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. முதலில் கருத்துக்கு விடை. பிறகு வடிவத்துக்குத் திருத்தம். இவ்வரிசையை நாம் மாற்றிவைத்திருந்தோம்.

ஆசிரியர்களிடம் எம் வேண்டுகோள் எளியது. வாரத்தில் ஒரு வேளையேனும், தமிழில் பேசினால்தான் நிறைவேறும் ஒரு செயலை மாணவருக்குக் கொடுங்கள். சந்தையில் கறிவேப்பிலை வாங்கி வருவதாக இருக்கலாம். முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியிடம் அவர் பிறந்த தோட்டத்தின் கதையைக் கேட்டு வருவதாக இருக்கலாம். அங்குப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். மாணவர்களுக்கும் ஒரு சொல். எம்மொழி கற்க எந்நாடு சென்றாலும், உங்கள் மொழி பேசுபவருடன் ஒரே வீட்டில் தங்காதீர்கள். முதல் இரு வாரங்கள் நாற்காலியாக இருக்க நேரும். அதற்கு அஞ்சி ஓடிவிடாதீர்கள்.

8. நிறைவாக

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’, உளப்படுத்தாதது ‘நாங்கள்’. ஸ்பானியத்தில் இவ்வேறுபாடு இல்லை. இரண்டிற்கும் ஒரே விகுதிதான். டிசம்பரில் ஒரு குளிர்ந்த இரவு, பல்கலைக்கழக நூலகத்திலிருந்து நாம் வீடு திரும்பப் பத்தரை மணிக்கு மேலாகிவிட்டது. கதவைத் திறந்த அம்மையார், ‘தொதவீயா நோ எமோஸ் செனாதோ’ என்றார். இன்னும் இரவுணவு உண்ணவில்லை என்பது பொருள். அதனைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை’ என்றால் வீட்டார் இருவர் மட்டும். ‘நாம் இன்னும் சாப்பிடவில்லை’ என்றால் எம்மையும் சேர்த்து மூவர். இலக்கணத்தில் விடை இல்லை. மேசையைப் பார்த்தோம். மூன்று தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன.

நம் வகுப்பறை மேசையிலும் தடுமாறிப் பேசும் குழந்தைக்கு ஒரு தட்டு வைப்போம். அக்குழந்தையையும் உளப்படுத்தியே ‘நாம்’ என்று சொல்வோம்.